வைகாசியில் வெட்டிய நிழல்

எங்கள் போனில் ஒரு குழு இருக்கிறது. அதன் பெயர் 'முன்னாள் இளம் உழவர் தலைவர்கள்'. இளமை போய்விட்டது, தலைமை போய்விட்டது, பாதிப் பேருக்கு உழவும் போய்விட்டது. முன்னாள் மட்டும் பத்திரமாக இருக்கிறது. தினமும் காலையில் ஒருவர் ரோஜாப்பூ அனுப்புவார். இன்னொருவர் சர்க்கரைக்கு வெந்தயம் நல்லது என்பார். யாராவது இறந்துபோனால் எல்லோரும் கும்பிடு போடுவோம். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு சங்கம் இதைவிட என்ன செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஆவணியில் அந்தக் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரும் கூடுவது, அவரவர் நினைவுகளைப் பேசுவது, மதியம் சாப்பாடு. எங்கள் மன்றத்தின் தலைவனாக இருந்த என் நண்பன் அந்த வருடம் தை மாதம்தான் இறந்துபோயிருந்தான். அவனுக்கான சால்வையை அவன் மனைவிக்குப் போடுவது என்றும், அவனைப் பற்றி நான் பேசுவது என்றும் முடிவு செய்திருந்தார்கள். நான் அந்த மன்றத்தில் செயலாளராக இருந்தவன். அவனைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானோ அறிவிப்பைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

பின்னால் போவது எனக்குப் பிடித்த வேலை அல்ல. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். நாங்கள் அப்போது ஒன்றும் மேதைகள் இல்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. கொஞ்சம் படித்துவிட்டு, அப்பாக்களின் நிலத்தில் அப்பாக்கள் சொல்வதைக் கேட்காமல் வேலை செய்துகொண்டிருந்தோம். எங்கள் ஊர் சிலமலையில் மன்றம் தொடங்கியபோது அவனைத் தலைவன் ஆக்கினோம், ஏனென்றால் அவன் நெட்டையாக இருந்தான், பேசினால் தெருமுனை வரை கேட்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் செயலாளர். மூளை யாருக்கு இருக்கிறது என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூடுவோம். ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்போம். அதைப் பற்றிச் சண்டை போடுவோம். சண்டையை நான் தீர்மானமாக எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய், எங்களைவிட முப்பது வருடம் அதிகமாக மண்ணில் நின்றவர்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுப்போம். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மோர் கொடுத்து அனுப்புவார்கள்.

மன்றத்துக்கு விதிகள் எழுதியவன் நான்தான். விதி எழுதுவதில் எனக்கு அப்படியொரு ருசி. அவற்றில் மூன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அறிவிப்பு எதுவானாலும் தலைவன் கையெழுத்தில்தான் வெளியே போக வேண்டும். மன்றம் சொல்லும் புது வேலை எதையும் தலைவன் தன் கையால் முதலில் செய்து காட்ட வேண்டும். பையன்கள் வாயால் மட்டும் விவசாயம் செய்கிறார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள். மூன்றாவது, மன்றத்தில் யார் எதை எதிர்த்துப் பேசினார்கள் என்பதை வெளியே மூச்சுவிடக்கூடாது. மன்றத்தில் பேசியது மன்றத்தோடு. இந்தக் கடைசி விதிக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தேன்.

ஒரு சித்திரையில் என்னையும் அவனையும் மலைக்கு மேலே ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். போடி மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ஐந்து நாள். ஏலச்செடி நிழலில் வளர்வது. அதற்குமேல் பெரிய மரங்கள் குடைபிடித்தபடி நிற்கும். நிழல் குறைந்தால் செடி கருகும், கூடினால் காய்க்காது. அதனால் மழைக்கு முன்னால் மரங்களின் கொப்பை அளவாகக் கழிப்பார்கள். இதுதான் நிழல் வெட்டு. பயிற்சி கொடுத்தவர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, எடவப்பாதிக்கு முன்னால் வெட்டி முடித்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எடவப்பாதி என்றால் அவர்கள் பக்கம் வைகாசிப் பாதியில் தொடங்கும் பெருமழை. நான் இரண்டு நிற மையில் படம் போட்டு எழுதிக்கொண்டேன்.

இறங்கி வந்த வெள்ளிக்கிழமையே மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன், வைகாசிக்குள் நம் சரிவிலும் நிழல் வெட்டை முடிப்பது என்று. அவன் மட்டும் இழுத்தான்.

"மாப்ளே, அவங்க பக்கம் ஆனியில மழை. நம்ம பக்கம் ஆனியில காத்துதான? நமக்கு மழை ஐப்பசியிலடா. வைகாசியில வெட்டிப்புட்டா அஞ்சு மாசம் செடிக்கு எது நெழலு?"

அவன் சொன்னது சரி. மலை முதுகுக்கு அந்தப் பக்கம் மேற்கு முகம், இந்தப் பக்கம் கிழக்கு முகம். ஆனி ஆடியில் அங்கே கொட்டுகிற மழை மலையோடு நின்றுவிடும். இங்கே காய்ந்த காற்றுதான் இறங்கி வந்து வேட்டியைப் பிடுங்கும். இது சிலமலையில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பயிற்சிக்குப் போய்வந்த கர்வத்தில், பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பயிற்சியில் சொன்னதை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் அதற்குப் பெயர் விஞ்ஞானமா என்று கேட்டேன். விஞ்ஞானம் என்ற சொல்லை அப்போது நான் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுவேன். கை தூக்கச் சொன்னபோது அவனைத் தவிர எல்லோரும் என் பக்கம் தூக்கினார்கள். அவன் தீர்மானத்தை ஒருமுறை படித்தான், கையெழுத்துப் போட்டான். அவ்வளவுதான், அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பக்கத்து மலையடி ஊரான குரங்கணிக்கு மேலே ஒரு பெரியவர் தன் தோட்டத்தில் முதலில் செய்து பார்க்க ஒத்துக்கொண்டார். அவர் எங்களை நம்பினார். விதிப்படி அவன் மரம் ஏறினான். நான் கீழே நோட்டோடு நின்று எந்த மரத்தில் எத்தனை கொப்பு என்று எழுதிக்கொண்டிருந்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரின் மகள் நிமிர்ந்து பார்த்து, இம்புட்டு வெட்டணுமா என்று கேட்டாள். மன்றத்துல முடிவு பண்ணிருக்கோம் என்று மேலேயிருந்து அவன் குரல் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயது இருக்கும்.

ஆடி பாதியில் அந்தத் தோட்டம் கருகியது. முதலில் இலை நுனி வெளுத்தது, பிறகு பழுப்பானது, பிறகு காற்று அதை நார் நாராகக் கிழித்தது. வைகாசியில் பச்சையாக நின்ற செடிகள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த வாழை இலை போலச் சுருண்டு கிடந்தன. மற்ற தோட்டக்காரர்கள் விவரமானவர்கள், எங்கள் அறிவிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருந்தார்கள். எங்களை நம்பின ஒரு மனிதருக்குத்தான் நஷ்டம்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்பில் இறங்கி நேரே எங்கள் வராந்தாவுக்கு வந்தார். என் தோட்டத்துல கத்தி வைக்கச் சொன்னவன் எவன்டா என்று கேட்டார். என் நண்பன் எழுந்து நின்று, நான்தான் என்றான். நாங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தீர்மான நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். அதில் என் கையெழுத்து அழகாக இருந்தது. அந்த நிமிடம் எழுந்திருக்காத வெட்கம் இந்த வயதிலும் எனக்குப் போகவில்லை.

மன்றம் அடுத்த பொங்கலுக்குள் கலைந்துவிட்டது. அவன் மட்டும் ஐப்பசி மழையில் கல்யாண முருங்கைப் போத்துகளை, அதாவது ஊன்றினால் தழைக்கும் கிளைத் துண்டுகளை, சுமந்துகொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனான். சீக்கிரம் நிழல் கட்டுகிற மரம் அது. ஊன்றினான். கோடையில் ஓடைத் தண்ணீரைத் தலையில் சுமந்து ஊற்றினான். பெரியவர் ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. மகள் பேசினாள், அதாவது வைதாள். அவன் நட்ட போத்து சாய்ந்தால் வைதாள், நேராக நின்றாலும் வைதாள். மூன்றாவது வருடம் தோட்டம் பச்சை கட்டியது. பெரியவர் அவனைக் கூப்பிட்டுத் தன் மகளைக் கொடுத்தார்.

கல்யாணத்தில் எல்லோருக்கும் அதே கேலிதான். மாமனார் தோட்டத்தை எரித்துவிட்டு, நஷ்டஈடாகத் தன்னையே கொடுத்துவிட்டான் மாப்பிள்ளை என்று. நானும் சிரித்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்போது அதைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் ரொம்ப நாள் உதவியது.

நான் போடியில் உரக்கடை வைத்தேன். அவன் அந்தச் சரிவோடு இருந்துவிட்டான். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், நிழல் வெட்டு நாளில் நான் மேலே போவேன். எங்கள் பக்கத்துக்கு அதுதான் சரியான மாதம், ஐப்பசி மழைக்கு முந்தி. மரம் ஏற ஆள் வருவார். அவன் வெட்டுக்கத்தியைத் தொட்டால் போதும், எங்கிருந்தோ அவள் குரல் வந்துவிடும். கத்தியக் கீழ வைங்க, நீங்க வெட்டுன லெச்சணம் எங்களுக்குத் தெரியும் என்பாள். எந்தக் கொப்பு போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அவள்தான் கை நீட்டிச் சொல்லுவாள். அவன் விழுந்த கொப்பை இழுத்து ஓரம் போடுவான், சிரித்துக்கொண்டே. சொந்தத் தோட்டத்தில் ஒரு விவசாயி நாற்பது வருடம் கத்தி பிடிக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது தமாஷ். நான் ஒவ்வொரு புரட்டாசியும் மரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருமுறை அவனும் என்னோடு இறங்கி வந்த ஜீப்பில் கேட்டேவிட்டேன், வெட்டச் சொன்னது நான்தான் என்று தங்கச்சியிடம், அதாவது அவன் மனைவியிடம், சொல்லிவிடட்டுமா என்று. அவன் என் தொடையில் தட்டினான்.

"மன்றத்துல பேசுனது மன்றத்தோட. நீதானடா ரெண்டு கோடு போட்டு எழுதுன. விடு மாப்ளே. அவ வையலேன்னா எனக்குச் சோறு இறங்காது."

நான் விட்டுவிட்டேன். விடச் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள், பாதிக்கு மேல் வெள்ளை வேட்டி, முழங்கால் வலி. பக்கத்து ஊர் மன்றங்களில் இருந்தவர்களும் உண்டு. ஒருவர் தன் ஊரில் முதல் முதலாகச் சொட்டு நீர் போட்ட கதையைச் சொன்னார். ஒருவர் தென்னைக்குக் குழி எடுத்த கதையை ஏதோ கோட்டை பிடித்ததைப் போலச் சொன்னார். எல்லோரும் ஜெயித்த கதையாகவே சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் பிரியம் வந்தது, எரிச்சலும் வந்தது. பிறகு எங்கள் மன்றத்தில் இருந்து, இப்போது தேனியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார். அவர் தலைவனின் நிழல் வெட்டுக் கதையை எடுத்தார். நடித்தே காட்டினார். மண்டபம் அதிரச் சிரித்தார்கள். முதல் வரிசையில் அவன் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அன்று என் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் பாத்திரக்கடைக்காரரும் ஒருவர். அவருக்கு அது மறந்தே போயிருந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது நான். நான்கு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது தாளில் உண்மை இருந்தது. முதல் தாளை வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் கண்ணில் சிரித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. நான் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டி மூன்றாவதிலிருந்து வாசித்தேன். அவன் வாக்கை மீறக்கூடாது என்று நினைத்ததாகச் சொல்லலாம். அவள் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்றும் சொல்லலாம். பயம்தான். கைதட்டினார்கள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அவள் என்னிடம் வந்தாள். தோளில் அந்தச் சால்வை.

"நல்லாப் பேசுனீங்கண்ணே. எல்லாரும் அந்த நெழல் வெட்டுக் கதையவே இழுக்குறாக. நீங்க ஒருத்தர்தான் அவர விட்டுக்குடுக்கல."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் குழாயை மூடாமல் நின்றிருக்கிறேன். பின்னால் வந்தவர் என்னை நகர்த்தி மூடினார். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நன்றியை வைத்துக்கொண்டு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

மறுநாள் காலை குரங்கணிக்குப் போகும் ஜீப்பில் ஏறினேன். மலை ஏற வந்த வெளியூர்ப் பிள்ளைகள் பெரிய பெரிய ஷூக்களோடு என்னை நெருக்கி உட்கார்ந்தார்கள். அங்கிருந்து தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம் நடை. வழியில் மூன்று முறை உட்கார்ந்தேன், முழங்காலுக்காக இரண்டு முறை, மற்ற ஒன்று திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்க.

காய் எடுக்கும் காலம். பெண்கள் செடிக்கு அடியில் குனிந்து சரங்களில் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில் பறித்த காயைக் கொட்டித் தூசி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கடுங்காப்பி கொண்டுவந்தாள். நான் குடிக்காமல், டம்ளரைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். பயிற்சி, தீர்மானம், அவன் வேண்டாம் என்றது, நான் விஞ்ஞானம் பேசியது, அவள் அப்பா வந்த நாளில் நான் உட்கார்ந்திருந்தது, எல்லாம். ஜீப்பில் அவன் சொன்னதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன், ஆறுதலாக இருக்கும் என்று.

அவள் இரண்டே கேள்வி கேட்டாள். முதலில் வேண்டாம் என்று சொன்னது அவரா என்றாள். ஆமாம் என்றேன். எல்லோரும் கை தூக்கும்போது அவர் தூக்கவில்லையா என்றாள். தூக்கவில்லை என்றேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். காப்பி ஆறிப் போயிற்று. வேலைக்கு வந்த பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தாள், கழுவிய முகம் மறுபடியும் நனைந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில ட்யூபப் புடுங்கப் பாத்தாருண்ணே. எங்கப்பா தோட்டத்த மொட்டையடிச்ச கைதான, சும்மா இருக்குமான்னு வஞ்சேன். என்னப் பாத்துச் சிரிச்சாரு. அதுக்கப்பறம் கண்ணே முழிக்கல. நான் கடேசியாச் சொன்னது அதுண்ணே."

பிறகு ஜீப்பில் அவன் சொன்னதைச் சொன்னேன், அவள் வையாவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்று அவன் சொன்னதை. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். கொட்டிக் கிடந்த காயில் ஒரு தூசியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அது ஒங்களுக்காகச் சொன்னது என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவனோடு என்னைவிட அதிகம் வாழ்ந்தவள் அவள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. நேற்று அத்தனை பேர் முன்னால் தானும் சேர்ந்து சிரித்ததைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. நான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், இப்போதே, தன் கண்முன்னால் சொல்ல வேண்டும் என்றாள். நான் போனை எடுத்து அந்தக் குழுவில் என் குரலைப் பதிந்து அனுப்பினேன். தலைவன் வேண்டாம் என்றான், நான்தான் வற்புறுத்தினேன், பழியை அவன் சுமந்தான், நான் வாயைத் திறக்கவில்லை என்று. நடுவில் இரண்டு முறை அழித்துவிட்டு முதலிலிருந்து பதிந்தேன். அவள் பக்கத்திலேயே நின்று கடைசி வார்த்தை வரை கேட்டாள்.

மதியத்துக்குள் பதில்கள் வந்தன. கும்பிடு, கும்பிடு, கும்பிடு. ஒருவர் முதலில் ரோஜாப்பூ அனுப்பிவிட்டு, பிறகு குரலைக் கேட்டிருப்பார் போல, பூவை அழித்துவிட்டுக் கும்பிடு போட்டார். பாத்திரக்கடைக்காரர் போன் செய்து அவளிடம் கொடுக்கச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அவள் சரிண்ணே, சரிண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். நான் கிளம்பும்போது, புரட்டாசி நிழல் வெட்டுக்கு வந்துவிடுங்கள், கொப்பு இழுக்க ஆள் இல்லை என்றாள். உத்தரவு போட்ட குரல்.

எனக்கு அது புரிந்தது, ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அவன் நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டும். அவனுக்குக் கிடைத்ததெல்லாம் உண்மையில் எனக்கு வர வேண்டியது. இத்தனை வருடத்து ஏச்சையும் வட்டியோடு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். இந்த வயதில் உனக்கு மலையில் என்ன சோலி என்று என் மனைவி கேட்டாள். திட்டு வாங்கப் போகிறேன் என்றேன். அதை இங்கேயே வாங்கலாமே என்றாள்.

மரம் ஏறுகிறவர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். அவள் அண்ணாந்து பார்த்து, கையை நீட்டி, அந்தக் கொப்பு, அதுக்கு மேல உள்ளது வேண்டாம், இது நிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். விழுகிற கொப்புகளை நான் இழுத்து ஓரம் போட்டேன். கல்யாண முருங்கைக் கொப்பில் முள் இருக்கும், கையைக் கிழித்தது. முதல் ஒரு மணி நேரம் அவள் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்தேன். பத்து மணிக்குக் கஞ்சி குடித்தோம், அப்போதும் ஒன்றுமில்லை. நான் கொப்பை வைத்த இடம் தப்பு, எனக்கே தெரிந்தது, பாதையை மறித்து வைத்திருந்தேன். அவளே வந்து நகர்த்திவிட்டுப் போனாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பெரிய கொப்பை இழுக்கும்போது அது ஓர் ஏலச்செடித் தூரின் மேல் சரிந்து, காயோடு இரண்டு சரத்தை ஒடித்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம், இருக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள். நான் காத்திருந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு குனிந்து, ஒடிந்த சரத்திலிருந்து காய்களை ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

நான்கு மணிக்கு மரம் ஏறுகிறவர் இறங்கி பீடி பற்ற வைத்தார். அவள் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், அவன் ஊன்றிய மரங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒங்கள வையணும்னுதான் வரச் சொன்னேன். என்னென்ன கேக்கணும்னு ஒரு மாசமா நெனச்சு வச்சிருந்தேன். வாயில வர மாட்டேங்குதுண்ணே. அவர வஞ்ச வாயி இது. இன்னொருத்தர வையத் தெரியல."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். அவன் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவள் அழவில்லை, தடுக்கவும் இல்லை. மரம் ஏறுகிறவர் பீடியை அணைத்துவிட்டு, இன்னும் ஆறு மரம் பாக்கி இருக்கிறது என்றார். நான் எழுந்து போய்க் கொப்பை இழுத்தேன்.